துணைக்கு ஆள் கேட்கும் நர்சம்மா

எங்கள் அடி அண்ணாமலையில் "உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்று சொல்லும் பழைய ஆள் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். கேட்டுப் பாருங்கள், "நர்சம்மாவுக்குத் துணைக்குப் போனேன்" என்பார்கள். போன இடத்தில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சிலருக்கு வயிற்றைக் கிழித்துத் தைத்தும் அனுப்பினார்கள். அதெல்லாம் போன இடத்தில் நடந்தது. போனது என்னவோ துணைக்குத்தான்.

நர்சம்மாவுக்குப் பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் இங்கே சொல்லப் போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கிராம நர்ஸாக வந்தார். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் நானும் இந்த ஊருக்கு மருமகளாக வந்தேன். ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் தனியாகக் குடியிருந்தார். குள்ளம், நல்ல கனம். தோளில் ஒரு பை, அது நிமிஷத்துக்கு ஒருமுறை நழுவும். கையில் ஒரு கறுப்புக் குடை, அது மழையிலும் விரியாது, வெயிலிலும் விரியாது. நாயை விரட்டுவதற்கு மட்டும்தான் அது பயன்பட்டது.

ஒரு வீட்டுக்குள் வந்தால், யாருக்கு என்ன உடம்பு என்று கேட்கவே மாட்டார். தண்ணீர் கேட்பார். உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். முட்டி வலி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது, வளைவில் இருக்கும் சோம்பேறி நாய் தன்னைக் கண்டால் மட்டும் எழுந்து வருவது, எல்லாம் வரும். கேட்பவர்களுக்கு "ஐயோ பாவம்" என்று தோன்றும் நேரம் பார்த்து, வந்த விஷயத்தை அவிழ்ப்பார்.

"நாளைக்கு டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஒண்டியா போவ பயமா இருக்குது. யாராச்சும் துணைக்கு வாங்களேன்."

இதைச் சொல்லும்போது அந்த வீட்டில் யாரைப் பார்க்கிறாரோ அவர்தான் நோயாளி. அவருக்கும் அது தெரியும், வீட்டுக்கும் தெரியும், எதிர்வீட்டுக்கும் தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி யாரும் காட்டிக்கொள்வதில்லை. அன்றைக்கு "ஆஸ்பத்திரிக்குப் போனாள்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், என்ன வியாதி, எத்தனை நாளாக, கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருக்கிற வீடாயிற்றே என்று அது கோயில் தெருவுக்குப் போய், மலையையே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும். துணைக்குப் போனவளைப் பற்றி அப்படி யார் பேச முடியும்? புண்ணியம்தானே செய்திருக்கிறாள்.

கல் உடைக்கும் வேலையில் இருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். இருமல் ஆரம்பித்தால் தெருவே தூங்க முடியாது. யாராவது "டாக்டரைப் பாருங்க" என்றால் அடிக்க வருவார். நர்சம்மா அவர் வீட்டு வாசலில் நின்று, "மருந்து மூட்டை தூக்கியாரணும்ணே. உங்கள வுட்டா இந்த ஊர்ல தெம்பான ஆளு யாரு?" என்று கேட்டார். தெம்பான ஆள் மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரியில், "வந்ததே வந்தீங்க, இந்த டப்பால ஒரு வாட்டி காறித் துப்பிட்டு வாங்கண்ணே" என்றாராம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, இருமல் ஓடிப்போய், அவர் நன்றாகத்தான் இருந்தார். கடைசி வரைக்கும், தான் கொஞ்ச காலம் அரசாங்க மூட்டை தூக்கும் வேலை பார்த்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்க் கோயில் குருக்களுக்குச் சர்க்கரை. காலில் புண் ஆறவில்லை. அவரிடம் போய், "சாமி, எனக்கு ரத்தம் எடுக்கப் போறாங்க. ஊசியக் கண்டாலே எனக்கு மயக்கம் வரும். பக்கத்துல நின்னு ஒரு மந்திரம் சொல்லுங்க" என்று அழைத்துப் போனார். அங்கே நர்சம்மா முதலில் தன் கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆத்தா" என்று கத்தினாராம். குருக்கள் ஊர் திரும்பி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் ஊசி போடறவ, தனக்குன்னா சின்னக் கொழந்தை மாதிரி அழறாளே! அப்புறம் நான் கையை நீட்டாம இருந்தா நன்னாவா இருக்கும்?" என்றார். நர்சம்மாவின் நடிப்பை நாங்கள் எல்லாரும் மெச்சினோம். அது நடிப்பு என்றுதான் நெடுநாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்படி ஊரையே மடியில் முடிந்துகொண்ட நர்சம்மாவுக்கு மசியாத ஒரே ஆள் என் மாமியார். நான் முழுகாமல் இருந்த அந்த மாதங்களில் நர்சம்மா பலமுறை வந்து பார்த்தார். முட்டி வலி சொன்னார், நாய்க் கதை சொன்னார். மாமியார் அத்தனைக்கும் உச்சுக்கொட்டி, மோர் கொடுத்து, "துணைக்கு வேற யாரையாச்சும் பாரும்மா" என்று அனுப்பிவைத்தார்.

மாமியாரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு ஒரே மகள் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளை, வலி கண்டும் வீட்டிலேயே வைத்திருந்து, மூச்சு வாங்கிய பிறகுதான் மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாசல் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கால தாமதம் செய்த கை யாருடையது என்று நினைத்துப் பார்க்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? மாமியார் பழியைத் தூக்கி அந்த வாசல்மேல் வைத்துவிட்டார். டவுனுக்குப் போனால்கூட அந்தத் தெரு வழியாக நடக்கமாட்டார். என் பிரசவம் வீட்டில்தான் என்பது அவர் வாக்கு. எதிர்த்துப் பேச எனக்கும் தைரியமில்லை, என் வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

எனக்கு மாதம் நிறைந்திருந்த நேரத்தில் பௌர்ணமி வந்தது. மலை சுற்ற ஜனம் திரண்டு வர ஆரம்பித்திருந்த காலம் அது. மத்தியானம் தாண்டினால் கிரிவலப் பாதையில் பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை, மனிதத் தலைகள்தான். என் வீட்டுக்காரர் மூன்று சக்கர வண்டியில் கோலி சோடா அடுக்கி, வீட்டுக்கு எதிரே பாதையோரம் நிறுத்தியிருந்தார். எனக்குக் காலையிலிருந்து தலை விண்விண்ணென்று தெறித்தது. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. கண் முன்னால் பூச்சி பறந்தது.

சாயங்காலம் நர்சம்மா வந்தார். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை பார்த்தார். அவர் வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, கண் சிரிக்கவில்லை. என் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் எனக்கும் அன்றைக்கு ஏதோ ஆகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார்.

"பெரிம்மா, எனக்கு ஒரு வேண்டுதல் இருக்குது. நெறமாசக்காரி ஒருத்திய கூட்டிக்கினு மலையைச் சுத்தணும். இன்னிக்கு வுட்டா ஆவாது. நீங்களும் உங்க மருமகளும் துணைக்கு வாங்க."

"இந்த வவுத்த தள்ளிக்கினு அவ எப்டிம்மா நடப்பா?"

"அவ ஏன் நடக்கணும்? உங்க புள்ளையாண்டான் சோடா வண்டில குந்த வெச்சிக்கலாம். சுத்தி வந்தா போதும், நடந்துதான் சுத்தணும்னு நான் வேண்டிக்கல."

ஆஸ்பத்திரிக்குத் துணை கேட்டால் மாட்டேன் எனலாம். பௌர்ணமியன்று மலை சுற்றத் துணை கேட்டவளை ஒண்டியாக அனுப்பிவிட்டு அண்ணாமலையார் முகத்தில் எப்படி விழிப்பது? எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். மாமியார் கொடியில் கிடந்த புடவையை எடுத்தார்.

"சோடாவ எறக்குப்பா" என்றார் நர்சம்மா.

"அக்கா, பௌர்ணமி வியாபாரம்க்கா" என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"பொண்டாட்டிய ஏத்துறியா, நான் ஏத்தட்டுமா?"

சோடா இறங்கியது, நான் ஏறினேன். ஐஸ் பெட்டியில் சாய்ந்து, காலை நீட்டி, ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மிதிக்க, பக்கத்தில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க, முன்னால் நர்சம்மா விரியாத குடையை ஆட்டி வழி செய்துகொண்டு போனார். அந்தக் கூட்டத்தில் வண்டி எறும்பு வேகத்தில்தான் நகர்ந்தது. ஐஸ் பெட்டியைக் கண்டவர்கள் எல்லாரும், "சோடா ஒண்ணு குடுப்பா" என்று வழிமறித்தார்கள்.

"சோடா இல்லீங்க. புள்ளத்தாச்சி இருக்குது" என்றார் நர்சம்மா. அடுத்த மூச்சிலேயே, "ஒண்டியா தள்ளிக்கினு போவ முடியல. கொஞ்சம் துணைக்கு வாங்களேன்!" என்றார்.

இந்த ஒரு வார்த்தையில் என்ன மருந்து வைத்திருந்தாரோ தெரியாது. பெங்களூர்க்காரர் ஒருவர் தோள் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ள வந்தார். விழுப்புரத்துப் பையன்கள் வந்தார்கள். மொட்டை போட்ட ஒரு குடும்பமே வந்தது. வாயு லிங்கம் தாண்டுவதற்குள் வண்டியைத் தொட இடமில்லாமல் ஆட்கள். "அரோகரா" என்று கத்திக்கொண்டே ஓட்டமாகத் தள்ளினார்கள். எனக்குத் தலைவலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்தது.

அங்கேதான் வேடிக்கை. கிரிவலத்தில் ஒரு வண்டிக்குப் பின்னால் ஜனம் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அன்னதானம். குபேர லிங்கம் வருவதற்குள் எங்களுக்குப் பின்னால் தொன்னையும் கையுமாக ஒரு நீண்ட வரிசை ஓடி வந்தது. "புளிசாதமா, சாம்பார் சாதமா?" என்று ஒரு பெரியவர் மூச்சிரைக்க என்னையே கேட்டார். மாமியார் பத்ரகாளியாகத் திரும்பினார்.

"எம் மருமக படுத்துக்கினு இருக்கறது உனக்கு சோத்துக் குண்டான் மாதிரியா தெரியுது?"

"பெரிம்மா, திட்டாதீங்க" என்றார் நர்சம்மா. பிறகு அந்தப் பெரியவரிடம், "அடுத்த பௌர்ணமிக்கு சக்கரப் பொங்கலே போடறோம். இப்ப தள்ளுங்க" என்றார். அவரும் தொன்னையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்.

டவுனுக்குள் நுழைந்ததும் வண்டி நேராகப் போகாமல் திரும்பியது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மாமியார் நிமிர்ந்து பார்த்தார். அவர் கை என் கையிலிருந்து நழுவியது. சட்டென்று வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"இன்னாது இது? மலை சுத்தறேன்னுதான சொன்ன? எம் பொண்ண இங்கதான் குடுத்துட்டு வந்தேன். இவளயும் குடுக்கணுமா?"

தள்ளி வந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நர்சம்மா என்ன சொல்லப் போகிறார் என்பதில்தான் என் உயிரும் என் பிள்ளையின் உயிரும் இருந்தன. பிரஷரைப் பற்றிச் சொல்வார், ஆபத்து என்று பயமுறுத்துவார் என்று நினைத்தேன். அவர் மாமியார் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகச் சொன்னார்.

"பெரிம்மா, எனக்கே உள்ள போவ பயமா இருக்குது. நீங்க துணைக்கு வாங்க."

மாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். கைப்பிடியை விட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் அந்த வாசலைத் தாண்டினார்.

பின்னால் வரிசையில் யாரோ, "ஓகோ, ஆஸ்பத்திரி உள்ளதான் குடுக்கறாங்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அதற்குமேல் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மாமியார், அந்த வார்டிலிருந்த அத்தனை பேரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

சொன்ன சொல் தவறாமல் அடுத்த பௌர்ணமிக்கு அதே வண்டியில் சர்க்கரைப் பொங்கல் வைத்து மாமியாரே பரிமாறினார். ஆனால் நர்சம்மாவை மட்டும் விடவில்லை. "மலை சுத்தறேன்னு கூட்டிக்கினு போயி பாதியில வுட்டவ நீ. அந்தப் பாக்கி பாதி அப்படியே நிக்குது. அண்ணாமலையார் உன்ன சும்மா வுடுவாருன்னு நெனைக்காத" என்பார். "சுத்திடறேன் பெரிம்மா, லீவு கெடைக்கட்டும்" என்பார் நர்சம்மா. இரண்டு பேரும் எங்கே சந்தித்தாலும் இந்தச் சண்டைதான். சண்டை முடிந்ததும் மோர் குடிப்பார்கள். மாமியாரே இப்போது துணைக்கு ஆள் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்துவிட்ட வருஷம். நர்சம்மாவின் நடை தளர்ந்தது. தெருவில் பாதி தூரம் வருவதற்குள் யார் வீட்டிலாவது உட்கார்ந்துவிடுவார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஒருநாள் எங்கள் வீட்டில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தவரை நான் தாங்கிப் பிடித்துக் கேட்டபோது, கர்ப்பப்பையில் கட்டி என்றும், மாதம் முழுக்க ரத்தம் போகிறதென்றும், ஆபரேஷன் செய்யச் சொல்லிப் பெரிய டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"அப்புறம் ஏன்க்கா போவல?"

"போலியோ சொட்டு மருந்து முடியட்டும். அப்புறம் மழக்காலம் வருது, காய்ச்சல் ஜாஸ்தியாவும். நான் போயி படுத்துட்டா இங்க யாரு பாக்கறது?" என்று சிரித்தார். எங்கள் ஊர் ஆட்கள் அவரிடம் சொன்ன சாக்குகளையெல்லாம் சேர்த்து வைத்து, மொத்தமாக எனக்கே திருப்பிச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது.

உள்ளறையில் மாமியார் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, நர்சம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். பின்னால் நான்.

"எனக்கு வயசாயிடுச்சி. கட்ட வேவறதுக்குள்ள அந்தப் பாதி மலைய சுத்தி முடிச்சிடணும். இன்னிக்கே போவணும். துணைக்கு வா."

"இன்னிக்கு பௌர்ணமி கூட இல்லியே பெரிம்மா."

"பாக்கிய தீக்கறதுக்கு எந்த நாளா இருந்தா இன்னா?"

மலை சுற்றக் கூப்பிட்டால் மறுக்க முடியாது என்பதை எங்கள் ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் நர்சம்மா. குடையை எடுத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். டவுனுக்குள் வந்ததும் ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

"இங்க ஏன் எறங்கறீங்க?"

"வுட்ட எடத்துல இருந்துதான ஆரம்பிக்கணும்? இங்கதான வுட்ட?"

நர்சம்மா ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குருக்களோடு போனபோது கண்ணை மூடிக் கத்தியது நடிப்பே இல்லை. இத்தனை வருஷமாக ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் எங்களைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டியிருக்கிறார். துணை வேண்டும் என்று கேட்டதெல்லாம் முழுப் பொய்யில்லை.

மாமியார் குனிந்து, அன்றைக்கு நர்சம்மா பேசிய அதே குரலில் பேசினார்.

"எனக்கே உள்ள போவ பயமா இருக்குது. நீ துணைக்கு வாம்மா."

நர்சம்மா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சீட்டு எழுதுகிறவர், "இதுல யாரு பேஷன்ட்டு?" என்று கேட்டபோது, பழக்க தோஷத்தில் நர்சம்மா மாமியாரைக் காட்டினார். மாமியார் நர்சம்மாவைக் காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான் என்றார்கள். படுத்திருந்த நாட்களில் எங்கள் ஊரே முறைபோட்டுக்கொண்டு துணைக்கு வந்தது. பழைய மீசைக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "மூட்டை எதனா தூக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உடம்பு தேறியதும் மாமியார் பாக்கியை மறக்கவில்லை. ஒரு பௌர்ணமி சாயங்காலம், ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஆரம்பித்தோம். நர்சம்மாவை நடக்க விடவில்லை. அதே சோடா வண்டி, அதே ஐஸ் பெட்டி. அதில் சாய்ந்துகொண்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கத்தோடு உட்கார்ந்து வந்தார். என் வீட்டுக்காரர் மிதித்தார், நானும் மகளும் பின்னாலிருந்து தள்ளினோம். மாமியார் வண்டியோரமாக ஒரு கையால் நர்சம்மாவின் கையைப் பிடித்தபடி நடந்தார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் வியர்வை வழிய நின்றிருந்தார். ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, விரலைத் தூக்கிக் காட்டி, "சோடா?" என்றார்.

நர்சம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"சோடா இல்லப்பா. எம் பொண்ணு இருக்குது."

அவருக்கு என்ன புரிந்ததோ, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, வண்டியைத் தள்ள வந்துவிட்டார்.